கூப்பிட்டால் கேட்கிற வீடு

சன்னிவேலில் ரொம்ப நாளாகக் குடியிருக்கும் தமிழ்ப் பெண்களிடம், யாரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் பாதிப் பேராவது பசீர் அகமதின் பெயரைச் சொல்வார்கள். அவருடைய வெள்ளைக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் காலை லேசாக வைத்தபடி, "பயப்படாதீங்கம்மா, வண்டி உங்க பேச்சைத்தான் கேக்கும்" என்று சொல்லிக்கொண்டே எல் கமினோ ரோட்டின் நெரிசலில் அவர்களை ஓட்டவைப்பார். டி.எம்.வி. ஆபீஸின் டிரைவிங் டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்று, பார்க்கிங் லாட்டில் உட்கார்ந்து அழுதவர்களைக்கூட லைசன்ஸ் வாங்கவைத்திருக்கிறார். ஒரே ஒரு மாணவியிடம்தான் அவர் குரலை உயர்த்திக் கத்தியிருக்கிறார். அது அவர் மனைவி ரஹ்மத்.

கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதற்காக அவர் அமெரிக்கா வரவில்லை. கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ரஹ்மத் அவருக்கு மாமன் மகள். சென்னையில் நெட்வொர்க் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கல்யாணமான புதிதில் சான்டா கிளாராவில் வேலை கிடைத்தது. விசா அவள் பெயரில் வந்தது. அவளைச் சார்ந்தவர் என்ற வகையில் இவருக்கும் ஒரு விசா வந்தது. அந்த விசாவில் வந்தவர்கள் அப்போது வேலை பார்க்கக் கூடாது.

அந்த வருஷங்களைப் பற்றி அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே நிற்கும்போது, புதிதாக அறிமுகமாகிறவர்கள் "எந்த கம்பெனி பாய்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "வீட்டுலதான் இருக்கேன்" என்றதும் பேச்சு அதோடு நின்றுவிடும். மகள் நிதா பிறந்த பிறகு அவளைக் குளிப்பாட்டி, தூங்கவைத்து, சமைத்துவைத்து, சாயங்காலம் கம்பெனி ஷட்டிலில் ரஹ்மத் வந்து இறங்கும்போது பிள்ளையோடு தெருமுனையில் நிற்பார். ஊரிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், "மாப்பிள்ளைக்கு இங்க என்ன சோலி?" என்று சிரித்தபடி கேட்டார். பசீர் வாயைத் திறப்பதற்குள் ரஹ்மத் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "மச்சான் இல்லேன்னா எனக்கு இங்க சோலியே கிடையாது மாமா" என்றாள். அதற்கப்புறம் அந்த உறவுக்காரர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கிரீன் கார்டு வந்த பிறகுதான் டிரைவிங் ஸ்கூல். பெயருக்காக அவர் யோசிக்கவே இல்லை. காரின் இரண்டு கதவுகளிலும் 'ரஹ்மத் டிரைவிங் ஸ்கூல்' என்று எழுதினார்.

"நான் ஓட்டுற லட்சணத்துக்கு என் பேரை வெச்சா எவளும் வர மாட்டா மச்சான்" என்றாள் அவள்.

பிறகு அவர்கள் வாங்கிய வீடு பழையது. மாடி கிடையாது, நீளவாக்கில் கிடந்தது. ஒரு கோடியில் கராஜ், மறு கோடியில் படுக்கையறை, நடுவில் ஹாலும் சமையல்கட்டும். ஹாலில் இருந்த இன்டர்நெட் பெட்டியின் வைஃபை இரண்டு கோடிக்கும் எட்டாது. அதனால் சமையல்கட்டில் ஒன்று, படுக்கையறை வாசலில் ஒன்று, கராஜில் ஒன்று என்று ரஹ்மத் சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்து வயர் இழுத்திருந்தாள். ஆக்ஸஸ் பாயின்ட் என்பார்கள். ஹாலில் இருக்கும் இன்டர்நெட்டை வாங்கித் தன்னைச் சுற்றி வைஃபையாகப் பரப்புவது அவற்றின் வேலை. பெரிய பெரிய ஆபீஸ் கட்டடங்களுக்கு அவள் செய்துகொடுப்பதே அதைத்தான். சொந்த வீட்டில் அதை அரைகுறையாகத்தான் முடித்திருந்தாள். படுக்கையறை வாசலில் இருந்தது, தூக்கிப்போட வைத்திருந்த ஒரு பழைய ரௌட்டர். "எல்லாத்துக்கும் ஒழுங்கா நம்பர் குடுத்து வெக்கணும். ஒரு நாள் உக்காந்து பண்ணிரலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேலைக்குப் போய் வருகிறவளுக்கு அந்த ஒரு நாள் அமையவில்லை.

நிதா ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சாயங்காலம் ரஹ்மத் தன் கார் சாவியைக் கொடுத்து, இண்டிகேட்டர் லீவர் இறுக்கமாக இருக்கிறது, பாருங்கள் என்றாள். பசீர் கழற்றிப் பார்த்தார். லீவரில் ஒன்றுமில்லை. எண்ணெய் விட்டு மாட்டினார். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். அப்போதுதான் அவளுடைய இடது கையை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே இருக்க வேண்டிய சதை குழிந்துபோயிருந்தது.

டாக்டர்கள் மற்ற நோய்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் ஏ.எல்.எஸ். என்றார்கள். மூளை சொல்வதைத் தசைகளுக்குக் கொண்டுபோகிற நரம்புகள் செத்துக்கொண்டே வரும். கை, கால், பேச்சு, விழுங்குவது என்று போய், முடிவில் மூச்சு. புத்திக்கு எதுவும் ஆகாது, கண்ணும் அசைந்துகொண்டிருக்கும் என்று டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

"அப்ப எல்லாத்தையும் பாத்துக்கிட்டே கெடக்கணும்" என்றாள் ரஹ்மத், காரில் திரும்பி வரும்போது.

பசீர் ஃப்ரீவே ஓரத்தில் காரை நிறுத்திவிட்டார். பக்கத்தில் லாரிகள் போகப் போக கார் ஆடியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் தோளை அவள் வலது கையால் தட்டினாள்.

"இங்கல்லாம் நிறுத்தக் கூடாது மச்சான். எடுங்க."

பேச்சு போவதற்குள் குரலைப் பதிவுசெய்து வைக்கச் சொன்னார்கள். பின்னால் மெஷின் அவள் குரலிலேயே பேசும் என்றார்கள். நிதாவின் காலேஜ் அட்மிஷன் முடியட்டும் என்றாள், நோன்பு முடியட்டும் என்றாள். ஒருவழியாக மைக் முன்னால் உட்கார்ந்தபோது நாக்கு குழறத் தொடங்கியிருந்தது. பதிவான ஒரு வரியைத் தானே கேட்டுவிட்டு, போதும் என்று தலையை ஆட்டினாள். அதற்கு மேல் பசீரும் வற்புறுத்தவில்லை.

ஆகவே மெஷின் வேறொருத்தியின் குரலில்தான் பேசியது. நோயாளிகளுக்கு உதவுகிற ஒரு சங்கம் அதை இரவலாகக் கொடுத்திருந்தது. கட்டிலுக்கு மேலே ஒரு கம்பியில் திரை தொங்கும். திரையில் உள்ள எழுத்துகளை ரஹ்மத் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பார்த்த எழுத்துகள் சேர்ந்து வார்த்தையாகும், மெஷின் அதைப் படிக்கும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுத முடிந்தது. வெள்ளைக்காரக் குரல் அதைத் தன் வாய்க்கு வந்தபடி படித்தது. மச்சான் என்பது 'மேக்கன்' என்று வந்தது. முதல் தடவை கேட்டபோது பசீர் வெடித்துச் சிரித்தார். ரஹ்மத்துக்கு முகம் அசையவில்லை, கண்கள் மட்டும் சுருங்கின. அவள் சிரிப்பது அதுதான் என்று அவருக்குத் தெரியும்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. பேசுவதென்றால் அவள் திரையைப் பார்க்க வேண்டும். திரையைப் பார்க்கும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க முடியாது. அவர் எதையாவது கேட்டுவிட்டுக் காத்திருப்பார், அவள் கண் திரையில் எழுத்து எழுத்தாக ஓடிக்கொண்டிருக்கும், பதில் வந்து முடிந்த பிறகு கண் அவரிடம் திரும்பும். இருபது வருஷம் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசியே பழகியவர்கள் அவர்கள்.

திரையின் மூலையில் மணி போல ஒரு படம் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் பசீரின் போனும், சமையல்கட்டிலும் கராஜிலும் வைத்திருந்த ஸ்பீக்கர்களும் சேர்ந்து அடிக்கும். இன்டர்நெட் வழியாகப் போய் வருகிற அழைப்பு. மூச்சுக்கு, முகமூடி வழியாகக் காற்றை ஊதும் இன்னொரு மெஷினும் கட்டில் பக்கத்தில் இருந்தது. பகலில் ஜலஜா என்ற உதவியாளர் வந்து பார்த்துக்கொள்வார். அவர் போன பிறகு அந்த மணிதான் ரஹ்மத்துக்குத் துணை.

அக்டோபரில் ஒரு நாள் காலை, இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்து ஹாலில் இருந்த பெட்டியை எடுத்துவிட்டுப் புதிய பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனார். பழையதற்கு வயதாகிவிட்டதாம். அவர் இருக்கும்போதே பசீர் ரஹ்மத்திடம் மணியை அடிக்கச் சொன்னார். அடித்தது. திருப்தியாகத்தான் அனுப்பிவைத்தார்.

அன்று சாயங்காலம் ஜலஜா கிளம்பியதும், மறுநாள் வகுப்புக்காகக் காரைச் சுத்தம் செய்யப் போனார். யாரோ ஒரு மாணவி சீட்டில் சிப்ஸ் கொட்டியிருந்தாள். கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு வாக்குவம் கிளீனரைப் போட்டார். அந்தச் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது, ஆனால் ஸ்பீக்கர் தலைக்கு மேலேயே இருந்தது, போன் சட்டைப் பையில் இருந்தது. அவசரமில்லாமல் மிதியடிகளைக்கூடத் தட்டிப் போட்டார். பிறகு தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்கு வந்தார்.

படுக்கையறையிலிருந்து மூச்சு மெஷினின் அலாரம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

ஓடினார். ரஹ்மத்தின் தலை தலையணையிலிருந்து சரிந்து, முகமூடி கன்னத்துப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கண்கள் திரையின் மூலையில் அந்த மணிப் படத்தின் மேலேயே நிலைத்திருந்தன. தலையை நிமிர்த்தி முகமூடியைப் பொருத்தி, அவள் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கும்வரை அவர் தன் மூச்சையும் விடவில்லை. நிறம் திரும்பியது. அவள் கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போய்விடாமல் துடைத்தார்.

வெகுநேரம் கழித்து அவள் கண் எழுத்துகளின் மேல் ஓடியது. மெஷின் படித்தது.

"மணி அடிக்கலையா?"

"இல்லம்மா. அடிக்கல."

"நான் அடிச்சேன்."

"தெரியும். தெரியும் ரஹ்மத்."

"நிறைய அடிச்சேன்."

அவர் கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டார். அவளால் அந்தத் தலையைத் தொட முடியாது. அன்று இரவுக்கு ஜலஜாவைத் திரும்ப வரவழைத்தார்.

மறுநாள் வகுப்புகளை எல்லாம் கேன்சல் பண்ணினார். கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கலாம் என்று போனை எடுத்தபோது படுக்கையறையிலிருந்து மெஷினின் குரல் வந்தது.

"அவங்களை விடுங்க. புதுப் பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கிற நம்பரைப் படிங்க."

போய்ப் படித்துவிட்டு வந்து சொன்னார். 192.168.1.1.

ரஹ்மத் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்ததும் எழுதினாள்.

"வாசல் பெட்டிக்கும் அதே நம்பர். பழைய ரௌட்டர். வாங்கினப்ப இருந்ததை நான் மாத்தல. பழைய ஹால் பெட்டிக்கு வேற நம்பர், அதான் இதுவரைக்கும் இடிக்கல."

"அதனால?"

"ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர். என் மணி ஹாலுக்குப் போகணும். சில நேரம் போகும். சில நேரம் வாசல் பெட்டியே நான்தான் அதுன்னு வாங்கி வெச்சுக்கும். அதுக்கு மேல போகாது."

காலையில் அடித்ததும் சாயங்காலம் அடிக்காததும் ஏன் என்று அவருக்குப் புரிந்தது.

"இதை எப்பவோ செஞ்சிருக்கணும்" என்று மெஷின் தொடர்ந்தது. "ஒரு நாள் ஒரு நாள்னு..."

"அதை விடு. இப்ப என்ன செய்யணும், சொல்லு. நான் செய்யறேன்."

ஜலஜா லேப்டாப்பைத் திரைக்குப் பக்கத்தில், ரஹ்மத்தின் பார்வைக்குத் தெரிகிற மாதிரி வைத்தார். இந்த வேலைக்கு எப்போதும் ரஹ்மத்தின் கைதான். பசீர் பல்ப் மாட்டுவார், குழாய் மாற்றுவார், இதைத் தொட்டதில்லை. ஒவ்வொரு அடியையும் அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து செய்தார். முதலில் வாசல் பெட்டியை மற்ற பெட்டிகளோடு சேர்க்கும் வயரைப் பிடுங்கச் சொன்னாள். ஒரே நம்பரில் இரண்டு இருக்கும்போது எதனோடு பேசுகிறோம் என்று தெரியாது, தனியாகப் பிரித்து லேப்டாப்பை நேராக அதில் மாட்டினால்தான் உண்டு என்றாள். மாட்டினார். லேப்டாப்பில் பெட்டியின் செட்டிங் பக்கம் திறந்தது. பாஸ்வேர்ட் கேட்டது.

அவள் கண் எழுத்துகளின் மேல் மெதுவாகப் போனது. மெஷின் படித்ததில் ஒன்றும் விளங்காமல் பசீர் எழுந்து திரையை எட்டிப் பார்த்தார். 'பிரேக்போடு' என்று இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது.

அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோது அவர் தொண்டை கிழியக் கத்தியது அதுதான். ஒரு தபால் பெட்டியை நோக்கிக் கார் போய்க்கொண்டிருந்தது.

"இத்தனை வருஷமா இதையா வெச்சிருந்த?" என்றார்.

கண்கள் சுருங்கின. ஜலஜா என்னவென்று கேட்டார். பசீரால் சொல்ல முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு டைப் அடித்தார்.

ரஹ்மத் திட்டம் போட்டு வைத்திருந்தாள். நம்பரின் கடைசி எண் மட்டும் மாற வேண்டும். ஹால் பெட்டிக்கு 1. சமையல்கட்டுக்கு 2, படுக்கையறை வாசலுக்கு 3, கராஜுக்கு 4. போன், டி.வி., லேப்டாப் என்று வந்து போகிற சாமான்களுக்கெல்லாம் ஹால் பெட்டி தானாக நம்பர் கொடுக்கும், அதை நூறுக்கு மேலேதான் கொடுக்க வேண்டும் என்று கட்டிவைக்க வேண்டும். அப்போதுதான் இந்த மூன்றின் நம்பரை வேறு எதுவும் பிடுங்கிக்கொள்ளாது. கரண்ட் போய் வந்தாலும் அதது அதன் இடத்தில் இருக்கும். வாசல் பெட்டிக்குப் பழைய பழக்கத்தில் தானும் நம்பர் கொடுக்கிற புத்தி இருக்கும், அதை அணைத்துவிட வேண்டும்.

பசீர் எண்ணை அடித்துவிட்டு சேவ் பண்ணக் கையைக் கொண்டுபோனார்.

"பிரேக்" என்றது மெஷின்.

கை நின்றது. 168 என்பதை 186 என்று அடித்திருந்தார். அழித்து எழுதினார். அவள் அவர் திரையைப் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்துவிட்டு, ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள். சரி என்று அர்த்தம்.

மூன்றும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு வீடு முழுக்கச் சோதித்தார்கள். கராஜ் கதவைச் சாத்தி, வாக்குவத்தைப் போட்டுவிட்டு நின்றார். அடித்தது. சமையல்கட்டில் மிக்ஸியை ஓடவிட்டு நின்றார். அடித்தது. கொல்லைப்பக்கம் எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். அங்கேயும் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பயந்துபோய் செருப்போடு உள்ளே ஓடிவந்தார். ரஹ்மத் நன்றாகத்தான் இருந்தாள்.

"என்ன?"

"சும்மா" என்றது மெஷின்.

அதற்குப் பின் சில மாதங்கள் வீடு ஒரு ஒழுங்கில் இருந்தது. ஜலஜா இருக்கும் நேரத்தில் அவர் வகுப்புக்குப் போவார். மாணவிகள் சிக்னலில் நிற்கும்போது போன் டிங் என்னும். 'சாம்பார்ல உப்பு கூடன்னு ஜலஜா சொல்றா' என்றிருக்கும். தான் வாயால் சாப்பிட்டு வெகுநாளான ஒருத்தி அதை எழுதுவதை நினைத்து அவர் ரோட்டைப் பார்த்துக்கொள்வார். ரக்ஷா என்ற புதுப்பெண் ஒருநாள், "அங்கிள், க்ரீன் வந்துருச்சு, போகலாமா?" என்று அவருக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

குளிர்காலம் முடியும் தறுவாயில் டாக்டர் விஷயத்தைச் சொன்னார். முகமூடி இனி அதிக நாள் தாங்காது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, நிரந்தரமாக மெஷினில் போடலாம். இன்னும் சில வருஷங்கள் கிடைக்கும். வேண்டுமா என்பதை ரஹ்மத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பசீருக்கு அதில் முடிவு செய்ய ஒன்றும் இருந்ததாகத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததுமே புது மெஷினை எந்தப் பக்கம் வைப்பது என்று கட்டிலைச் சுற்றி அளந்தார். கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஜெனரேட்டர் விசாரித்தார். ரஹ்மத்திடம் கேட்டால் "யோசிக்கிறேன்" என்றது மெஷின்.

ஒரு மத்தியானம் சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது.

'மச்சான், இங்க வராதீங்க. முழுசா எழுதி முடிக்கிறேன்.'

கத்தியை வைத்துவிட்டு நின்றார். அடுத்தது வர நேரமாயிற்று.

'தொண்டையில துளை வேணாம். நல்லா யோசிச்சுட்டேன். நேர்ல சொன்னா நான் திரையப் பாக்கணும், உங்க முகத்தைப் பாக்க முடியாது. அதான் அங்க அனுப்புறேன். இப்ப வாங்க.'

அவர் போனபோது திரை கட்டிலுக்கு மேலே இல்லை. ஜலஜாவிடம் சொல்லி அதைச் சுவரோரம் தள்ளிவைத்திருந்தாள். ஜலஜா வெளியே போய்விட்டார். ரஹ்மத் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவரின் முகத்தைவிட்டு அவள் கண் நகரவில்லை.

பசீர் என்னென்னவோ பேசினார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். குழாயைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொள்கிறேன், கற்றுக்கொள்ளாதது ஒன்று உண்டா என்றார். நிதா படிப்பை முடிக்க வேண்டாமா, அவள் கல்யாணத்தை நீ பார்க்க வேண்டாமா என்றார். என்னை இந்த ஊருக்குக் கூட்டிவந்தவள் நீதானே என்றார். கடைசியில் கத்தினார். "உனக்கென்ன, முடிவு பண்ணிட்ட! நான் என்ன செய்யறது?" திரை சுவரோரம் கிடந்தது. அவர் பேசி ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெங்காயக் கையால் துடைத்ததில் கண் இன்னும் எரிந்தது.

சனிக்கிழமை நிதா தன் காலேஜ் இருந்த டேவிஸிலிருந்து வந்தாள். மகள் தன் பக்கம் பேசுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். சமையல்கட்டில் வைத்து விஷயத்தைச் சொன்னதும் அவள் தரையைப் பார்த்தாள்.

"ஐ நோ, அத்தா. ஷி டோல்ட் மீ."

"எப்ப?"

"லாஸ்ட் மன்த்."

"என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியா?"

"அம்மா வாஸ் ஸ்கேர்ட் டு டெல் யூ." நிதாவின் குரல் உடைந்தது. பிறகு அவளுக்கு அபூர்வமாக வருகிற தமிழில், "அம்மாக்கு டயர்டா இருக்கு அத்தா. விட்டுருங்க" என்றாள்.

அவர் மகளைப் பிடித்துக்கொண்டார். ஜெனரேட்டர் கடைக்காரர் மறுபடி கூப்பிட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரலில், ஒரு விடிகாலைத் தொழுகையை முடித்து அவர் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. போனார். அவள் ஒரு வார்த்தைதான் எழுதியிருந்தாள். 'நிதா.' முந்தின வாரமே வந்து தங்கியிருந்த மகளை எழுப்பினார். திரையைத் தள்ளச் சொல்லி ரஹ்மத் கண்ணால் காட்டினாள். தள்ளினார். மூச்சு மேலோட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் நிதாவும் ஒரு பக்கம் அவருமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இறைவன் ஒருவனே என்னும் கலிமாவை அவள் காதில் அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்த நேரத்தில் அவள் பார்ப்பது நின்றது.

அன்று பள்ளிவாசலின் பார்க்கிங் லாட்டில் இடமில்லை. வந்தவர்களில் பெரும்பாலும் பெண்கள். வெவ்வேறு வருஷங்களில் பசீர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டவைத்தவர்கள், தனித்தனியாகத் தங்கள் கார்களை ஓட்டி வந்திருந்தார்கள். அவர்களில் பலர் ரஹ்மத்தைப் பார்த்ததே இல்லை. கார்க் கதவில் எழுதியிருந்த பெயராகத்தான் அவளைத் தெரியும்.

நிதா காலேஜுக்குத் திரும்பினாள். மெஷினைச் சங்கத்து ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். பசீர் மறுபடி வகுப்புகளுக்குப் போனார். கராஜில் வாக்குவம் போட்டிருக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். எவ்வளவு நேரம் நின்றோம் என்று அவருக்கே தெரியாது. நினைவு வந்ததும் மறுபடி சுவிட்சைப் போடுவார்.

கோடையில் அந்தச் சங்கத்திலிருந்து போன் வந்தது. சான்டா கிளாராவில் ஒரு தமிழ்க் குடும்பம், அதே நோய், பேச்சு மெஷினுக்கு வரும் இன்டர்நெட் படுக்கையறையில் அடிக்கடி அறுந்துபோகிறதாம், உங்களுக்கு இது தெரியும் என்றார்கள், போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிப் போனை வைத்தார். மறுநாள் அவராகவே கூப்பிட்டு விலாசம் கேட்டார்.

சேனாபதி கோபிப் பக்கத்துக்காரர், ஐம்பதை எட்டாதவர். கை இரண்டும் போயிருந்தன, பேச்சு பாதி விளங்கியது. அவர் மனைவி பவளம் வாசலிலேயே காத்திருந்தாள். "வாங்கண்ணா. உங்களைப் பத்தி ரொம்பச் சொன்னாங்க" என்று உள்ளே கூட்டிப்போனாள். இங்கே சிக்கல் வேறு. கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஆக்ஸஸ் பாயின்டுகளுக்குத் தானாக வரும் நம்பர் மாறி, பழைய நம்பர் வேறொன்றுக்குப் போய், ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு கிடந்தது. பசீர் எல்லாவற்றுக்கும் நிலையான நம்பர் கொடுத்தார். ஒவ்வொன்றையும் சேவ் பண்ணுவதற்கு முன்னால் இரண்டு தடவை படித்தார். நல்லவேளையாக ஒன்றும் தப்பாகவில்லை.

முடித்து எழுந்தபோது பவளம் டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்க வீட்டுக்காரம்மா இப்ப எப்படிங்கண்ணா இருக்காங்க?"

சங்கத்தில் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. கட்டிலிலிருந்து சேனாபதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல பசீருக்கு நாக்கு எழவில்லை.

"ஏப்ரல்ல தவறிட்டாம்மா."

பவளத்தின் கை முந்தானையைப் பற்றியது. சேனாபதி, ஒவ்வொரு வார்த்தையையும் தள்ளித் தள்ளி, "கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்டார்.

"பட்டா" என்றார் பசீர். "கடைசி நாள் அவ்வளவா இல்ல. நாங்க பக்கத்துலதான் இருந்தோம்."

சேனாபதி தலையை அசைத்தார். பசீர் காப்பியைக் குடித்து முடித்தார். வாசல்வரை வந்த பவளம், உள்ளே கேட்காதபடி, "நான் ஒருத்தியா எப்படிங்கண்ணா பாத்துக்குவேன்?" என்றாள். அழாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சும்மா" என்றார். தன் நம்பரை அவள் போனில் போட்டுக்கொடுத்து, எந்த நேரமானாலும் கூப்பிடச் சொன்னார்.

எல் கமினோவில் நெரிசலாக இருந்தது. வீட்டுக்கு வந்து சேர வெகுநேரம் ஆனது. கதவைத் திறந்தார். ஆளில்லாத வீடானாலும் உள்ளே நுழையும்போது ஸலாம் சொல்ல வேண்டும் என்பது அவர் சின்ன வயதில் கற்றது. சொன்னார். விளக்கைப் போட்டுவிட்டு, அரிசி களையப் போனார்.